குரூப் 4: எந்தப் பாடத்துக்கு எங்கே போவது?

"குரூப் 4 எழுதலாம்னு இருக்கேன், எந்த சென்டர்ல சேரலாம்?" வேடசந்தூர் பக்கம் நூற்பாலையில் ஷிஃப்ட் பார்க்கும் பெண்ணும் இதைத்தான் கேட்கிறார், டிகிரி முடித்துவிட்டு நிலக்கோட்டையில் சும்மா இருக்கும் பையனும் இதைத்தான் கேட்கிறான். இருவருக்கும் திண்டுக்கல்லில் ஏதோ ஒரு சென்டரின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். எந்த சென்டர் என்பதை விட்டு, எந்தப் பாடத்துக்கு யாரிடம் போவது என்று கேட்டால் பணமும் மிஞ்சும், பஸ் அலைச்சலும் மிஞ்சும்.

அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வில் மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். பொதுத்தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. எல்லாம் பத்தாம் வகுப்புத் தரம். 2025 தேர்வுக்கு வந்த பாடத்திட்டத்தில் தமிழை அலகு அலகாகப் பிரித்துவிட்டார்கள்: இலக்கணம் 25, சொல்லகராதி 15, எழுதும் திறன் 15, கலைச்சொற்கள் 10, வாசித்துப் புரிந்துகொள்ளுதல் 15, எளிய மொழிபெயர்ப்பு 5. இலக்கியமும் தமிழறிஞர்களும் சேர்ந்தே 15தான். அதனால் சில வருடங்களுக்கு முன் பாஸான அக்கா பாசத்தோடு கொடுத்த நோட்டை அப்படியே நம்பாதீர்கள். அதில் பாதிக்கு மேல் நூல், ஆசிரியர், அடைமொழி என்றே இருக்கும். தமிழில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

இலக்கணத்துக்கு என் ஓட்டு பள்ளிப் புத்தகத்துக்கு. ஆறிலிருந்து பத்து வரை தமிழ்ப் புத்தகங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொரு இயலின் கடைசியில் வரும் கற்கண்டு, மொழியை ஆள்வோம் பகுதிகளை மட்டும் முதலில் முடியுங்கள். பாடநூல் கழகம் புத்தகங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஆனால் இதைப் போனில் படித்தால் ஒட்டாது. நம் பக்கத்துப் பேச்சில் பழம் 'பளம்' ஆகிறது, மழை 'மளை' ஆகிறது. லகர, ளகர, ழகர வேறுபாட்டையோ ரகர, றகரத்தையோ காதை நம்பி எழுதினால் கேள்வி கேள்வியாகப் போகும். பேனா பிடித்து எழுதிப் பார்ப்பதுதான் வழி. சந்திப்பிழையும் அப்படியே: விதியை ஒப்பிப்பவர்கள் வாக்கியத்தில் கோட்டை விடுகிறார்கள். கைடுகள் இங்கே ஆபத்து. நான் வாங்கிய ஒன்றில் பெயரெச்சத்துக்கும் வினையெச்சத்துக்கும் விடைகள் இடம் மாறி அச்சாகியிருந்தன. ஒரு மாதம் தப்பாகவே மனப்பாடம் செய்தேன்.

வாசித்துப் புரிந்துகொள்ளும் 15 கேள்விக்கு யாரும் யாருக்கும் வகுப்பு எடுக்க முடியாது. மாவட்ட மைய நூலகத்துக்கோ உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கோ போய் தினம் ஒரு தலையங்கத்தை ஒரே மூச்சில் வாசித்து, மூடி வைத்துவிட்டு அது என்ன சொன்னது என்று இரண்டு வரி எழுதுங்கள். செலவு கிடையாது.

திறனறிவில் வரும் கணக்குதான் வேறு கதை. கோச்சிங்குக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும் என்றால் இதற்குக் கொடுங்கள். அதிலும் பத்தாம் வகுப்போடு கணக்கைக் கைகழுவியவர்களுக்கு எதிரில் நின்று சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும். யூடியூபில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் எங்கே இடறுகிறோம் என்று நமக்கே தெரியாது. சென்டர்களில் சூத்திரம் வேகமாக வரும். இரண்டு வருடத்துக்குக் கூட்டு வட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் கேட்டால், அசலை வட்டி விகிதத்தின் நூற்றுப்பங்கால் இரண்டு முறை பெருக்கு என்பார்கள்: 10,000 ரூபாய், 10 சதவீதம், வித்தியாசம் 100. சரிதான். ஆனால் அந்த 100 என்பது முதல் வருட வட்டியான 1,000 ரூபாய்க்கு இரண்டாம் வருடத்தில் விழுந்த வட்டி என்று புரிந்தவர்தான், மூன்று வருடத்துக்குக் கேள்வியைத் திருப்பிப் போட்டாலும் தப்புவார். சேரும் முன் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் வராத இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம். விகிதம், சதவீதம், காலமும் வேலையும், பரப்பளவு, மீ.பெ.வ., மீ.சி.ம. என்று பட்டியல் சின்னதுதான். இரண்டு மூன்று மாதத்தில் அடங்கிவிடும்.

அறிவியலில் பலரும் ஏமாறுகிறார்கள். பொது அறிவின் 75ல் அதற்கு 5 கேள்வி, ஏழரை மதிப்பெண். பி.எஸ்சி. முடித்தவர்கள் தெரிந்த பாடம் என்ற சுகத்தில் அதிலேயே குடியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆறிலிருந்து பத்து வரை பாடச் சுருக்கங்களை இரண்டு முறை ஓட்டினால் போதும். தமிழக வரலாறு, பண்பாட்டுக்கு 20 இருக்கிறது. வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்த விருப்பாச்சி கோபால நாயக்கரைப் புத்தகத்தில் படிக்கும் திண்டுக்கல்காரருக்கு அது மனப்பாடப் பகுதியாகவே தெரியாது; ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்து ஊர்தானே.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டம் நடத்தும் இலவச வகுப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். தனியார் சென்டருக்கு அது எந்த விதத்திலும் குறைச்சல் இல்லை என்பது என் கருத்து. அங்கே கிடைக்கும் பெரிய லாபம் மாதிரித் தேர்வும், கூடப் படிக்கும் ஆட்களும். ஒரே குறை நேரம். பகல் வகுப்பு ஷிஃப்ட் வேலைக்காரருக்கும் கைக்குழந்தை உள்ளவருக்கும் ஒத்துவராது. அவர்கள் வீட்டில் பள்ளிப் புத்தகம், ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் பேட்ச் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். 'முழு பேக்கேஜ்' எடுத்தால்தான் டெஸ்ட் என்று சொல்லும் இடத்தை விட்டு வேறு இடம் பாருங்கள்.

டெஸ்ட் எழுதும்போது தேர்வு நேரத்திலேயே, காலை 9.30 மணிக்கு உட்கார்ந்து, ஓ.எம்.ஆர். தாளிலேயே எழுதுங்கள். தவறான விடைக்கு மைனஸ் கிடையாது. ஆனால் எந்தக் கேள்வியையும் காலியாக விடக்கூடாது. தெரியாவிட்டால் அதற்கென்று இருக்கும் ஐந்தாவது வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். 200 வட்டம் நிரப்பவே எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று வீட்டில் ஒரு முறை கடிகாரம் வைத்துப் பாருங்கள்.