தென்னையைக் கெடுக்கும் இரு மரக்காளான்கள்

தென்னையின் அடித்தண்டழுகல் நோய்க்குத் தஞ்சாவூர் வாடல் நோய் என்றும் பெயருண்டு. 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தஞ்சாவூர் ஜில்லாத் தோப்புகளில் இது காணப்பட்டமையே அப்பெயருக்குக் காரணம். இந்நோய்க்குக் காரணமாகக் கூறப்படுபவை இரண்டு காளான்கள்: கேனோடெர்மா லூசிடம், கேனோடெர்மா அப்ளனேட்டம். இவை ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. எனினும் கண்ணால் கண்டே வேறுபாடு அறியலாம்.

வேற்றுமை.— லூசிடம் பெரும்பாலும் காம்புடையது. அதன் மேற்புறம் அரக்குப் பூசியதுபோல் பளபளத்துச் செம்பழுப்பு நிறமாயிருக்கும். அப்ளனேட்டம் காம்பின்றித் தட்டையாய் மரத்தோடு ஒட்டி வளரும். மேற்புறம் பளபளப்பற்ற சாம்பல் அல்லது பழுப்பு நிறமுடையது, அடிப்புறம் வெண்மையானது. அவ்வெண்மையை நகத்தால் கீறினால் கீறிய இடம் பழுப்பாகும். இது பல ஆண்டுகள் உயிர்வாழ்ந்து அடுக்கடுக்காய்ப் பருக்கும்.

ஒற்றுமை.— இரண்டும் மரத்திற்கு உறுதியளிக்கும் லிக்னின், செல்லுலோஸ் என்னும் பொருள்களைச் சிதைத்து உண்பவை. இரண்டும் பழுப்பு நிற நுண்வித்துக்களை உதிர்ப்பவை. தென்னையன்றி வேறு பல மரங்களிலும் வளர்பவை.

நோய்க்குறிகள்.— பூசண இழைகள் முதலில் வேர்களை அழுகச் செய்து, பின்னர் தண்டிற் பரவுகின்றன. அடிமரத்தில் செம்பழுப்புச் சாறு கசியும், அடிமட்டைகள் வாடித் தொங்கும், குரும்பைகள் உதிரும். காளான் வெளிப்படுவது பெரும்பாலும் நோய் முற்றிய பின்னரே. வெளியே தோன்றும் குடை அதன் கனி போன்றது. உடலோ மரத்தினுள்ளும் மண்ணினுள்ளும் மறைந்திருப்பது. ஆதலின் குடையை மட்டும் வெட்டியெறிவதால் நோய் நீங்காது. சாறு கசியும்போதே பரிகாரம் தேடுதல் வேண்டும்.

பரிகாரம்.— இரு காளான்களுக்கும் முறை ஒன்றே.

1. பட்ட மரத்தை அடிக்கட்டையுடனும் வேருடனும் தோண்டியெடுத்துக் கொளுத்திவிடுக.

2. நோயுற்ற மரத்தைச் சுற்றி, தண்டிலிருந்து 4 அடி தள்ளி, 2 அடி ஆழமும் 1 அடி அகலமுமுள்ள அகழி வெட்டுக.

3. ஒரு மரத்து நீர் மற்றொன்றுக்குப் பாயாதவாறு தனித்தனிப் பாத்தி கட்டுக. கோடையில் ஈரம் குன்றவிடலாகாது.

4. ஆண்டுதோறும் மரமொன்றுக்கு 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கு இடுக.

5. மயில்துத்தம் 1 கிலோ, நீற்றுச் சுண்ணாம்பு 1 கிலோ, நீர் 100 லிட்டர் கொண்டு போர்டோ கலவை தயாரித்து, மரமொன்றுக்கு 40 லிட்டர் வீதம் அடியில் ஊற்றுக.

ஒருவர் தோப்பில் விட்டுவைத்த கட்டை அயலார் தோப்பிற்கும் கேடு விளைக்கும். வாய்க்காற் கரையிலும் புறம்போக்கிலும் நிற்கும் பட்ட மரங்களைக் கிராம அதிகாரிகள் கவனித்து அகற்றுவித்தல், ஊர்த் தோப்புகள் அனைத்திற்கும் காப்பாகும்.