ஆவடியில் ஒரு கண்டாம்?

கேள்வி: ‘மொபைல் சூட் கண்டாம்’ அனிமேயில் வரும் ராட்சத ரோபோ வெறும் புரோட்டோடைப்தான். ஆனால் அதைப் பார்த்து ஃபேக்டரியில் வரிசையாகச் செய்யும் ‘ஜிம்’ ரோபோக்களைவிட அதுதான் பலசாலி! நிஜத்திலும் அப்படியா? எங்கள் பக்கத்து டேங்க் ஃபேக்டரிக்காரர்களால் இப்படி ஒன்றைச் செய்துவிட முடியாதா?
– கல்லூரி மாணவர், திருமுல்லைவாயல்

பதில்: 1979இல் வந்த தொடரை இன்னும் பார்க்கிறீர்களே, சந்தோஷம் தம்பி. ஆனால் புரோட்டோடைப் விஷயத்தில் கதை தலைகீழ். எது உடைகிறது, எது சூடேறி மக்கர் பண்ணுகிறது என்று பார்க்கத்தான் அதைச் செய்வார்கள். ஆவடியில் உள்ள போர் வாகன ஆராய்ச்சி நிறுவனமான சி.வி.ஆர்.டி.இ. உருவாக்கிய அர்ஜுன் டாங்கிக்கு அனுமதி கிடைத்தது 1974இல். முதல் தொகுதி ராணுவத்தின் கைக்குப் போனது 2004இல். இடையில் எத்தனையோ புரோட்டோடைப்கள் ராஜஸ்தான் மணலிலும் வெயிலிலும் ஓடி அடிபட்டன. அதற்குப் பிறகும் திருத்தம் ஓயவில்லை. மேம்படுத்திய மார்க் 1ஏ 2021 பிப்ரவரியில்தான் சென்னையில் ஒப்படைக்கப்பட்டது. கதைக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: செலவைப் பார்க்காமல் செய்தது கண்டாம், சிக்கனம் பார்த்துச் செய்தது ஜிம். ஆனாலும் சோதனைக்கே போகாத இயந்திரத்தை முதல் நாளே ஒரு பையன் ஓட்டிச் சண்டையில் ஜெயிப்பது அனிமேயில் மட்டுமே நடக்கும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கண்டாமின் உயரம் 18 மீட்டர், எடை 43.4 டன் என்பது தொடரின் கணக்கு. 1.8 மீட்டர் உயரமும் 70 கிலோ எடையும் உள்ள ஒரு மனிதரை எல்லாப் பக்கமும் பத்து மடங்கு பெரிதாக்கினால் எடை ஆயிரம் மடங்காகும், அதாவது 70 டன். இரும்பு மனிதன் சதை மனிதனைவிட லேசாக இருக்கிறான்! செம்பரம்பாக்கம் ஏரியில் தள்ளினால் மிதப்பான்.

சரி, 43.4 டன் என்றே வைத்துக்கொள்வோம். நடக்கும்போது அத்தனை எடையும் ஒரு காலில் இறங்கும். பாதம் 2 சதுர மீட்டர் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல் அழுத்தம். 58.5 டன் எடையுள்ள அர்ஜுன் தன் சுமையை இரண்டு சங்கிலிப் பட்டைகளில் பரப்பிவிடுவதால் அதன் அழுத்தம் சுமார் 0.85 கிலோதான். ஐப்பசி மழையில் பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு இரண்டும் வந்தால் எது முதலில் புதையும் என்று சொல்லவே வேண்டாம். உயரமும் எதிரிக்குத்தான் வசதி. அர்ஜுன் 2.32 மீட்டருக்குள் பதுங்குகிறது, கண்டாமோ ஆறு மாடி உயரத்தில் இலக்காக நிற்கிறது.

ஜப்பானியர்களே யோகோஹாமாவில் 2020 முதல் 2024 வரை 18 மீட்டர் கண்டாம் ஒன்றை அசைய வைத்துக் காட்டினார்கள். எடை சுமார் 25 டன். இடுப்பைப் பின்னாலிருந்து ஒரு தாங்கி பிடித்திருந்தது. சொந்தக் காலில் அது நிற்கவில்லை.

ஆவடியின் ரோபோ வேறு மாதிரி. 2017இல் சி.வி.ஆர்.டி.இ. காட்டிய ‘முந்த்ரா’ ஒரு கவச வண்டி, தூரத்திலிருந்தே இயக்கலாம். வேவு பார்க்க ஒன்று, கண்ணிவெடி தேட ஒன்று, அணுக்கதிர் அல்லது கிருமி பரவிய இடத்தைச் சோதிக்க ஒன்று என மூன்று வகை. கண்டாம் பையனை நெஞ்சுக்குள் உட்கார வைத்துப் போருக்குப் போகிறது. முந்த்ராவைச் செய்ததே, அந்த இடத்தில் ஆள் யாரும் இருக்கக் கூடாது என்பதற்காக.