இரவில் ஏன் இரத்தம் எடுக்கிறார்கள்?

யானைக்கால் நோய் பரவியுள்ள ஊர்களில் சுகாதாரப் பணியாளர்கள் இரவு எட்டு மணிக்கு மேல் வீடு வீடாக வருவார்கள். விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு கண்ணாடி வில்லையில் சிறிது இரத்தம் எடுத்துக்கொண்டு போவார்கள். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பலர், "பகலில் வரக்கூடாதா?" என்று அலுத்துக்கொள்வதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பகலில் வந்தால், நோய்க்கிருமி உள்ளவரின் இரத்தத்திலும் பெரும்பாலும் ஒன்றும் தென்படாது.

ஒரே மனிதன், ஒரே உடல், ஒரே இரத்தம். பகலில் இல்லாத கிருமி இரவில் எங்கிருந்து வருகிறது? இந்த நோய் பரவும் வழியைத் தேடப் போய், கொசு நோயைப் பரப்பும் என்ற பேருண்மையையே மருத்துவ உலகம் கண்டறிந்தது. அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

நூலிழை போன்ற புழு

யானைக்கால் நோய்க்குக் காரணம் ஓர் ஒட்டுண்ணிப் புழு. இந்தியாவில் பெருமளவு காணப்படும் இனத்தின் பெயர் உச்சரீரியா பான்கிராப்டி. வளர்ந்த பெண் புழு 8 முதல் 10 செ.மீ. நீளமிருக்கும், ஆண் புழு சுமார் 4 செ.மீ. பருமனோ தையல் நூலைப் போன்றது. இவை நமது நிணநீர்க் குழாய்களில் குடியிருக்கின்றன.

நிணநீர் என்பது என்ன? இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து, திசுக்களிடையே நிற்கும் நீர்மம் அது. அதைத் திரட்டி மீண்டும் இரத்தத்தில் சேர்க்கும் வடிகால்களே நிணநீர்க் குழாய்கள். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் 'நெறி கட்டுகிறது' என்கிறோமே, அந்த நெறி இவ்வடிகாலின் வழியில் உள்ள காவல் நிலையமாகும். புழுக்கள் ஆண்டுக்கணக்கில் தங்குவதால் குழாய்கள் விரிந்து, அவற்றின் தடுக்கிதழ்கள் கெட்டுப்போகின்றன. வடிகால் கெட்டால் தெருவில் நீர் தேங்குவது போலக் காலில் நீர் தேங்குகிறது. அதன்மேல் பாக்டீரியாக்கள் தொற்றிக் காய்ச்சலும் வீக்கமும் அடிக்கடி வர, தோல் தடித்து, கால் யானையின் காலைப் போலாகிறது. ஆண்களுக்கு விரைவீக்கமும் உண்டாகலாம்.

சுசுருத சம்ஹிதை இந்நோயை 'சிலீபதம்' என்று குறிப்பிடுகிறது. நோய் பழையது, காரணம் தெரிந்தது மட்டும் அண்மையில்தான்.

துப்பறிந்த மருத்துவர்கள்

பெண் புழு முட்டையிடுவதில்லை. உயிருள்ள நுண்புழுக்களை ஈனுகிறது. இவற்றுக்கு மைக்ரோபைலேரியா என்று பெயர். நீளம் ஏறத்தாழ கால் மி.மீ.; அகலம் ஓர் இரத்தச் சிவப்பணுவின் அகலத்தைவிடச் சற்றே அதிகம். 1863-ல் பாரிஸ் நகரில் டெமார்க்கே என்பவர் விரைவீக்க நீரில் இவற்றைக் கண்டார். 1866-ல் பிரேசில் நாட்டில் உச்சரர் சிறுநீரில் கண்டார். 1872-ல் கல்கத்தாவில் டிமோதி லூயிஸ் மனித இரத்தத்திலேயே இவை நெளிவதைக் கண்டார். 1876-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஜோசப் பான்கிராப்ட் தாய்ப்புழுவைக் கண்டுபிடித்தார். உச்சரர், பான்கிராப்ட் ஆகிய இருவர் பெயரும் சேர்ந்தே புழுவின் பெயராயிற்று.

ஆனால் புழு ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு எப்படிப் போகிறது? சீனாவின் அமாய் துறைமுகத்தில் பணியாற்றிய பாட்ரிக் மேன்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இதைப்பற்றி ஆழ்ந்து சிந்தித்தார். நுண்புழு இரத்தத்தில் இருக்கிறது. தானாக வெளியேற அதற்கு வழியில்லை. எனவே இரத்தம் குடிக்கும் ஏதோ ஒரு பிராணி அதை வெளியே எடுத்துச் செல்ல வேண்டும். நோயுள்ள ஊர்களில் எங்கும் இருப்பது கொசு. ஆகவே கொசுவைச் சோதிப்போம் என்று முடிவு செய்தார்.

1877-ல், இரத்தத்தில் நுண்புழு இருந்த தம் தோட்டக்காரரைக் கொசுக்கள் உள்ள அறையில் உறங்கச் செய்தார். காலையில், இரத்தம் குடித்து வயிறு புடைத்த கொசுக்களைப் பிடித்து, நாளொன்றுக்குச் சிலவாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். நுண்புழுக்கள் செரித்துப் போகவில்லை. உறையைக் கழற்றி, கொசுவின் மார்புத் தசைகளுக்குள் புகுந்து வளர்ந்துகொண்டிருந்தன! ஒரு பூச்சியின் உடலில் மனித நோயின் ஒட்டுண்ணி வளர்வதை முதன்முதலாகக் கண்டவர் மேன்சனே.

கடிகாரம் பார்க்கும் புழு

மேன்சனுக்கு அடுத்த வியப்பு காத்திருந்தது. அவர் நோயாளிகளின் இரத்தத்தைப் பகலும் இரவும் இடைவிடாமல் சோதிக்கச் செய்தார். மாலையில் நுண்புழுக்கள் தலைகாட்டத் தொடங்கின, நள்ளிரவையொட்டி மிகுந்தன, விடியும்போது குறைந்தன, நண்பகலில் மறைந்தே போயின. நாள்தோறும் இப்படியே நடந்தது. இச்செய்தி லண்டனை எட்டியபோது, "இப்புழுக்கள் கைக்கடிகாரம் வைத்திருக்கின்றனவா?" என்று சிலர் கேலி செய்ததாகச் சொல்வார்கள்.

கேலி செய்தவர்களுக்கு 1881-ல் விடை கிடைத்தது. லண்டனில் ஸ்டீபன் மெக்கன்சி என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பகலில் உறங்கவும் இரவில் விழித்திருக்கவும் செய்தார். சில நாட்களில் நுண்புழுக்களும் பழக்கத்தை மாற்றிக்கொண்டு பகலில் வரத் தொடங்கின! அப்படியானால் அவை சூரியனைப் பார்ப்பதில்லை. மனிதனின் உறக்கத்தையும் விழிப்பையும் ஒட்டியே நடந்துகொள்கின்றன.

பகலில் அவை ஒளியும் இடம் எது? பகலில் இறந்துபோன ஒரு நோயாளியின் உடலைப் பின்னர் மேன்சன் சோதித்தபோது, நுரையீரலின் நுண்குழாய்களில் நுண்புழுக்கள் குவிந்திருந்தன. இருபதாம் நூற்றாண்டில் பிராங்க் ஹாக்கிங் என்ற ஆங்கிலேய அறிவியலார் இதனை மேலும் ஆராய்ந்தார். (புகழ்பெற்ற இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் தந்தை இவர்.) நுரையீரலுக்கு வரும் இரத்தத்திலும், அங்கிருந்து செல்லும் இரத்தத்திலும் உள்ள ஆக்சிஜன் அளவு வேறுபாட்டை நுண்புழு உணர்கிறது என்றார் அவர். இரவில் நோயாளியை ஆக்சிஜன் சுவாசிக்கச் செய்தபோது, விரல் நுனி இரத்தத்தில் நுண்புழுக்கள் குறைந்தன.

இவ்வளவு ஏற்பாடு எதற்காக? நம் ஊர்களில் இப்புழுவைச் சுமக்கும் கியூலெக்ஸ் கொசு இரவில் கடிப்பது. கொசு வரும் வேளையில் நுண்புழு தோலருகே வந்து நின்றால்தான் அதற்குப் பயணம் கிடைக்கும். சமோவா போன்ற பசிபிக் தீவுகளில் இதே புழுவைப் பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு சுமக்கிறது. அங்கே நுண்புழுக்கள் பகலிலும் இரத்தத்தில் இருக்கின்றன! கொசு கடிக்கும் நேரத்துக்குப் பொருந்திய புழுக்களே சந்ததியைப் பெருக்கின, பொருந்தாதவை அழிந்தன. பரிணாமத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

மேன்சனின் ஒரு தவறு

கொசு ஒருமுறைதான் இரத்தம் குடிக்கும், பிறகு முட்டையிட்டுத் தண்ணீரிலேயே மடிந்துவிடும் என்று மேன்சன் எண்ணினார். எனவே அத்தண்ணீரைக் குடிப்பதால் நோய் வருகிறது என்றார். அவருடைய கொசுக்கள் சில நாட்களிலேயே இறந்துவிட்டதால் ஏற்பட்ட பிழை இது. ஜோசப் பான்கிராப்டின் மகன் தாமஸ் பான்கிராப்ட் கொசுக்களுக்கு வாழைப்பழம் கொடுத்துப் பல வாரம் உயிருடன் வைத்துக் காட்டினார். அவர் லண்டனுக்கு அனுப்பிய கொசுக்களை 1900-ல் ஜார்ஜ் லோ மெல்லிய சீவல்களாக அறுத்துப் பார்த்தார். முதிர்ந்த புழுக்கள் கொசுவின் உறிஞ்சுகுழலுக்குள்ளேயே வந்து காத்திருந்தன. ஆக, நோய் வருவது தண்ணீரால் அன்று, கடியால்தான்.

தவறு செய்தாலும் மேன்சன் போட்ட பாதை வீணாகவில்லை. மலேரியாவையும் கொசுவே சுமக்கலாம் என்று 1894-ல் ரொனால்டு ராஸிடம் எடுத்துச் சொன்னவர் அவர்தான். 1897-ல் செகந்திராபாத்தில் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார்.

எண்ணிக்கையில் உள்ள நம்பிக்கை

மலேரியாக் கிருமி கொசுவுக்குள் பல்லாயிரமாகப் பெருகும். யானைக்கால் புழுவோ கொசுவுக்குள் பெருகுவதே இல்லை. வளர மட்டுமே செய்யும். ஒரு நுண்புழு உள்ளே போனால், 10 முதல் 14 நாட்களில், அதிகமாகப் போனால் ஒரு முதிர்ந்த புழுதான் வெளிவரும். அப்புழுவும் நேரே இரத்தத்தில் செலுத்தப்படுவதில்லை. கொசு கடிக்கும்போது தோல்மீது விழுந்து, கடித்த துளையைத் தேடி நுழைய வேண்டும். நுழைந்த பிறகும் ஆணும் பெண்ணும் ஒரே உடலில் சேர்ந்தால்தான் அடுத்த தலைமுறை உண்டு.

ரங்கூன் நகரில் செய்து 1968-ல் வெளியான ஆய்வு ஒன்றின் கணக்குப்படி, ஒருவரது இரத்தத்தில் நுண்புழு தோன்ற, புழுவைச் சுமந்த கொசுக்கள் சராசரியாக 15,500 முறை கடிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் இரவுதோறும் கடிபடும் ஊர்களில்தான் இந்நோய் நிலைக்கிறது. அதனால்தான் இதை முற்றிலும் ஒழிக்க முடியும் என்று அறிவியலார் நம்புகிறார்கள். சங்கிலியை ஓரிடத்தில் வலுவாக அறுத்தால் போதும்.

நலமாக இருப்பவருக்கு மருந்து ஏன்?

சங்கிலியை அறுக்க இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழி மருந்து. டை எத்தில் கார்பமசின் என்ற மருந்து 1947 முதல் நமக்குத் தெரியும். இரத்தத்திலுள்ள நுண்புழுக்களை இது விரைவாக ஒழிக்கும். தாய்ப்புழுக்களில் ஒரு பகுதியையும் கொல்லும். இதனுடன் அல்பெண்டசோல், சில இடங்களில் ஐவர்மெக்டின் ஆகிய மருந்துகளையும் சேர்த்துத் தருகிறார்கள். தமிழ்நாட்டில் 1996-ல் கடலூர் மாவட்டத்தில் ஊர் முழுவதற்கும் ஆண்டுக்கொருமுறை மருந்து தரும் முறை தொடங்கியது.

"எனக்குக் கால் வீங்கவில்லையே, நான் ஏன் விழுங்க வேண்டும்?" என்று பலர் மாத்திரையை வாங்கி வைத்துவிட்டுத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். இங்கேதான் நாம் கூர்ந்து சிந்திக்க வேண்டும். நுண்புழு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வெளியே எந்த அறிகுறியும் இருக்காது. ஓடியாடி விளையாடும் ஒரு சிறுவனின் இரத்தத்திலும் அது இருக்கலாம். மாறாக, கால் பெருத்துப்போனவரின் இரத்தத்தில் பல சமயம் நுண்புழுவே இருப்பதில்லை. அதாவது, நோயைப் பரப்புபவர் நாம் பார்த்து ஒதுங்கும் யானைக்கால்காரர் அல்லர். நலமாக இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும் நம்மில் ஒருவராகவே இருக்கலாம்! ஆகவே மாத்திரை நமக்காக மட்டுமல்ல, அண்டை வீட்டுக் குழந்தைக்காகவும்தான்.

தாய்ப்புழு நான்கு முதல் ஆறு ஆண்டுகள்வரை நுண்புழுக்களை ஈன்றுகொண்டிருக்கும். எனவே ஓராண்டு விழுங்கினால் போதாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள், கடும் நோயாளிகள் ஆகியோருக்கு மட்டும் இம்மருந்து தருவதில்லை. விழுங்கிய சிலருக்கு இலேசான காய்ச்சலும் தலைவலியும் வரலாம். உடலில் புழுக்கள் மடிவதால் வருவது அது. ஓரிரு நாட்களில் நீங்கிவிடும்.

சாக்கடையை மறந்தால்

இரண்டாவது வழி கொசு ஒழிப்பு. கியூலெக்ஸ் கொசு அழுக்கு நீரில் பெருகுவது. தேங்கிய சாக்கடை, மூடாத கழிவுநீர்த் தொட்டி, பாழ்கிணறு ஆகியவையே அதன் பிறப்பிடங்கள். 1975-ல் புதுச்சேரியில் நிறுவப்பட்ட கொசுக்கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை அந்நகரில் சாக்கடைகளைச் சீர்செய்வது, மீன்களை விடுவது எனப் பல முறைகளை ஒருங்கே கையாண்டு பார்த்தது.

திருக்கோவிலூர்ப் பகுதிக் கிராமங்களில் மதுரை ஆய்வு மையத்தார் ஓர் எளிய முறையைச் சோதித்தனர். கழிவுநீர்க் குழிகளிலும் பயன்படாத கிணறுகளிலும் பாலிஸ்டிரீன் என்ற வெண்ணிறப் பிளாஸ்டிக் மணிகளைக் கொட்டினர். மணிகள் நீர்மேல் கம்பளம்போல் மிதக்கும். கொசு முட்டையிட இடமில்லை. உள்ளே இருக்கும் கூத்தாடிப் புழுக்களுக்கு மேலே வந்து மூச்சுவிட வழியில்லை. மருந்து மட்டும் தந்த ஊர்களைவிட, மருந்துடன் கொசுவையும் கட்டுப்படுத்திய ஊர்களில் கிடைத்த பலன், மருந்து நின்ற பிறகும் நன்கு நிலைத்தது.

நாட்டளவிலும் வெற்றி கைகூடும். சீனாவில் இதே மருந்தை உப்பில் கலந்து மக்களுக்குக் கொடுத்தார்கள். மேன்சன் முதன்முதலில் கொசுவை அறுத்துப் பார்த்த அந்த நாட்டில், பொதுச் சுகாதாரத்தை அச்சுறுத்தும் அளவில் இந்நோய் இல்லை என்று 2007-ல் அறிவிக்கப்பட்டது. இலங்கையும் 2016-ல் அந்நிலையை எட்டியது. இந்தியா 2027-ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டுள்ளது.

ஏற்கெனவே கால் பெருத்தவர்களை நாம் மறந்துவிடக் கூடாது. மருந்தால் அவர்கள் கால் பழைய நிலைக்கு வராது. ஆனால் நாள்தோறும் சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு கழுவி, ஈரம் போகத் துடைத்து, விரலிடுக்குப் புண்களுக்கு மருந்திட்டு, உட்காரும்போது காலை உயர்த்தி வைத்தால், காய்ச்சலும் வீக்கமும் கட்டுப்படும். இது தொட்டால் ஒட்டும் நோயன்று. அவர்கள் காலைக் கழுவ நாம் தண்ணீர் ஊற்றலாம்.

சிந்தித்து விடை காண்க

1. ஒருவரிடம் நள்ளிரவில் எடுத்த 20 கன மி.மீ. இரத்தத்தில் 40 நுண்புழுக்கள் இருந்தன. ஒரு கொசு 2 கன மி.மீ. இரத்தம் குடித்தால் அதன் வயிற்றுக்குள் சராசரியாக எத்தனை நுண்புழுக்கள் போகும்? அவற்றிலிருந்து அதிகமாகப் போனால் எத்தனை முதிர்ந்த புழுக்கள் உண்டாகலாம்?

2. இரவுக் காவல் வேலை பார்த்துப் பகலில் உறங்கும் ஒருவரிடம் எப்பொழுது இரத்தம் எடுப்பது நல்லது? மெக்கன்சியின் சோதனையை நினைவிற்கொண்டு விடை சொல்லுங்கள்.

3. உங்கள் தெருவில் அழுக்கு நீர் தேங்கும் இடங்களைப் பெரியவர் ஒருவருடன் சென்று பட்டியலிடுங்கள். கூத்தாடிப் புழுக்கள் உள்ள இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றை நீக்க ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்துக்கு வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதுங்கள்.