பழவேற்காடும் எங்க வீட்டு லுங்கியும்

(ஒன்பதாம் வகுப்பு மாணவி, அம்மையார்குப்பம்)

நம்ம ஊரில் தறிச் சத்தம் கேட்காத தெரு கிடையாது. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். கட்டம் போட்ட லுங்கிக்கு ஜவுளிக்காரர்கள் 'பளையகாட்' என்று ஒரு பெயர் சொல்வார்கள். அது கம்பெனி பெயர் இல்லை, ஊர்ப் பெயர். நம்ம திருவள்ளூர் மாவட்டத்திலேயே ஏரிக்கரையில் இருக்கும் பழவேற்காடுதான் அது. டச்சுக்காரர்கள் வாயில் 'பலியகட்டா' ஆகி, இங்கிலீஷ்காரர்கள் வாயில் 'புலிகாட்' ஆகிவிட்டது.

பொங்கல் லீவில் தறி நின்ற நாளாகப் பார்த்து ஆயா, அப்பா, அம்மா, நான், தம்பி ஐந்து பேரும் போய் வந்தோம். தறி ஓடுகிற நாளில் கிளம்பினால் அன்றைய கூலி போச்சு. நம்ம ஊர் மாவட்டத்தின் மேற்குக் கோடி, அது கிழக்குக் கோடி. திருத்தணி வரை பஸ், அங்கிருந்து சென்னை ரயில், பேசின் பிரிட்ஜில் மாறி கும்மிடிப்பூண்டி வண்டி, பொன்னேரியில் இறங்கி மறுபடியும் பஸ். விடியறதுக்கு முன்னாடி கிளம்பியும் போய்ச் சேர பதினோரு மணி ஆயிற்று. ஆயா புளிசாதப் பாத்திரத்தை மடியை விட்டு இறக்கவே இல்லை.

முதலில் ஏரியைப் பற்றிச் சொல்கிறேன். நம்ம ஊர் ஏரி மாதிரி மழைத் தண்ணீரைத் தேக்கி வைத்த ஏரி இல்லை. இது உப்பங்கழி, அதாவது காயல். ஆரணி ஆறு, காளங்கி ஆறு போன்றவற்றின் தண்ணீரும் கடல் தண்ணீரும் இதில் கலக்கின்றன. மழைக்காலத்தில் உப்பு குறையும், கோடையில் ஏறும். ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய காயல் இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாக ஒரு மணல் தீவு இருக்கிறது. ராக்கெட் விடுகிற ஸ்ரீஹரிகோட்டா அதுதான்! இந்தத் தீவு தடுப்பதால் ஏரிக்குள் பெரிய அலை வராது, படகுகள் பயமில்லாமல் நிற்கலாம். துறைமுகம் இங்கே வளர்ந்ததற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் துணி. நம் சமூக அறிவியல் புத்தகத்தில் டச்சுக்காரர்கள் மிளகுக்கும் கிராம்புக்கும் வந்தார்கள் என்று படிக்கிறோம். ஆனால் கிராம்பும் ஜாதிக்காயும் விளைவது இந்தோனேசியத் தீவுகளில். பிறகு ஏன் இங்கே வந்தார்கள்? அந்தத் தீவுக்காரர்கள் சோழமண்டலக் கரைத் துணியைத்தான் விரும்பிக் கேட்டார்கள். துணி கொடுத்தால்தான் கிராம்பு சுலபமாகக் கிடைக்கும். அதனால் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடபதி ராயரிடம் 1610-ல் அனுமதி வாங்கி, 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுதான் தலைமையிடம். பிறகு தலைமை நாகப்பட்டினத்துக்குப் போனது. 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. இன்றைக்குக் கோட்டை இருந்த இடத்தில் மேடும் முள்செடியும்தான். தம்பிக்கு ரொம்ப ஏமாற்றம்.

கல்லறைத் தோட்டம் மட்டும் நன்றாக இருக்கிறது, தொல்லியல் துறை பாதுகாக்கிறது. வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள். ஆயா உள்ளே வரமாட்டேன் என்று வெளியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கருங்கல்லில் டச்சு எழுத்து இன்றும் அழியாமல் இருக்கிறது. வியாபாரி பெயர், அவர் மனைவி பெயர், செத்த வருஷம் எல்லாம் உண்டு. அவர்கள் விற்ற துணியை நெய்தவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. துணியோடு மனிதர்களையும் அடிமைகளாக இங்கிருந்து கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். பஞ்ச காலத்தில் இது இன்னும் அதிகம். படேவியா என்ற இன்றைய ஜகார்த்தாவுக்குப் போனவர்கள் பலர். அவர்களுக்கும் கல் இல்லை.

அந்தக் காலத்தில் கம்பெனி நேராக நெசவாளரிடம் துணி வாங்காது. நடுவில் வியாபாரிகள் உண்டு. என்ன நிறம், எவ்வளவு நீளம், எந்தக் கட்டம் என்று மாதிரித் துணி காட்டி முன்பணம் கொடுப்பார்கள். நெய்து கொடுத்துக் கழிக்க வேண்டும். இதை நான் சொன்னதும் அப்பா சிரித்துவிட்டு, "அப்பவும் அட்வான்ஸ்தானா?" என்றார். அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய அட்வான்ஸ் எங்களுக்கு இன்னும் கழியவில்லை. அது கழியாமல் அப்பா வேற தறிக்குப் போக முடியாது. அம்மா ஒன்றும் பேசாமல் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன் கட்டம் போட்ட லுங்கிதான் கட்டியிருந்தார். அப்பா பக்கத்தில் போய் ஓரத்தைப் பிடித்துப் பார்த்து, "விசைத்தறி, நம்ம பக்கத்து சரக்கு மாதிரி இருக்கு" என்றார். அந்த அண்ணன் மீன்பிடிப்பைப் பற்றிச் சொன்னார். இங்கே 'பாடு' என்று ஒரு வழக்கம் உண்டாம். நல்ல இடத்தில் ஒருத்தரே தினமும் வலை போட முடியாது, சீட்டுப் போட்டு முறை வைத்துப் போட வேண்டும். இறால், நண்டு, மடவை கிடைக்கும். முகத்துவாரத்தில் மணல் மூடிக்கொண்டால் கடல் தண்ணீர் வராது, இறாலும் குறைந்துவிடும், அதுதான் அவர்களுக்குப் பெரிய கவலை.

தம்பி படகில் போகணும் என்று அழுதான். 2011 டிசம்பர் 25-ல் இங்கே படகு கவிழ்ந்து, நம்மைப் போலச் சுற்றிப் பார்க்க வந்த 22 பேர் இறந்துபோனார்கள். அதன்பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை போட்டார்கள். யாராவது ரகசியமாகக் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். கரையிலிருந்தே தூரத்தில் பூநாரைகள் தெரிந்தன. அக்டோபரிலிருந்து மார்ச் வரை போனால் பார்க்கலாம். தலையைக் கவிழ்த்து அலகால் தண்ணீரைச் சலித்துத் தின்கின்றன. அந்த இளஞ்சிவப்பு நிறம் தின்கிற பாசியிலிருந்தும் சின்ன இறாலிலிருந்தும் வருவது.

கடைசியாக ஒரு செய்தி. மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்கு 'கைன் பெலிகாட்' என்று பெயர். கைன் என்றால் துணி, பெலிகாட் என்றால் நம்ம பழவேற்காடு. மலேசியாவில் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள் போனில் கேட்டுப் பாருங்கள். வேறு நாட்டில் வேறு பெயர் இருந்தாலும் எழுதிக் கொண்டுவாருங்கள், அடுத்த இதழில் போடலாம்.