மங்கிய ஹெட்லைட்டுக்கு என்ன வைத்தியம்?

கேள்வி: விடியற்காலையில் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகிறேன். பழைய பிக்கப், ஹெட்லைட் மங்கல். 100 வாட் பல்பு மாட்டலாமா?

பதில்: வேண்டாம், ஹோல்டர் உருகிவிடும், எதிரே வருபவருக்கும் கண் கூசும். முகப்பை நகத்தால் தட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் என்றால் வெயிலில் மஞ்சள் பூத்திருக்கும். 800, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் வரிசையாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடியுங்கள்; அடிக்காவிட்டால் மஞ்சள் சீக்கிரமே திரும்பும். கண்ணாடி என்றால் உள்ளேயுள்ள ரிஃப்ளெக்டரின் பளபளப்பு போயிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, விளக்கை எரியவிட்டு ஹோல்டரில் வோல்ட் அளந்து பாருங்கள். பேட்டரியைவிட 1 வோல்ட் குறைந்தாலே ஏறக்குறைய கால்வாசி வெளிச்சம் போச்சு. ஃபியூஸும் ரிலேயும் வைத்து பேட்டரியிலிருந்து நேரே ஒயர் இழுங்கள். பழைய 60/55 வாட் பல்பே பளிச்சென்று எரியும்.