சட்டியில் மிஞ்சிய எண்ணெய் எங்கே போகிறது?

திருச்சி சத்திரம் பஸ் நிலையத்திலோ, ஸ்ரீரங்கத்தில் கோயிலுக்குப் போய்வரும் வழியிலோ குழந்தைக்கு பஜ்ஜி வாங்குமுன் சட்டியைப் பாருங்கள். எண்ணெய் கறுத்து, பிசுபிசுத்து, நுரைத்தால் வேண்டாம்! திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சேரும் 'போலார்' கூட்டுப்பொருள்கள் இரத்தக் கொதிப்புக்கும் ஈரல் நோய்க்கும் வழிவகுக்கும். பித்தம் கூடும் என்போம் நாங்கள். அவை 25 சதவிகிதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் சட்டம்.

பெரிய ஓட்டல்கள் அதைச் சின்னக் கடைகளுக்கு விற்றால் நோயும் கைமாறும். அரசின் 'ரூகோ' திட்டப்படி அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் தந்தால், பயோடீசலாகி வண்டி ஓட்டும்.

வாடிக்கையாகப் போகும் ஓட்டலில், "மிஞ்சின எண்ணெயை யாருக்குத் தர்றீங்க?" என்று கேளுங்கள். வீட்டிலும் அளவாய் ஊற்றுங்கள். மிஞ்சியதை வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிப்புக்கே தீர்த்துவிடுங்கள்.