நோன்பு மாதத்துக்கு வீட்டுக் குறிப்புகள்: பசியைவிடத் தூக்கத்தைக் கவனியுங்கள்

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று கடற்கரை ஊர்களானாலும், அறந்தாங்கி, அன்னவாசல் என்று உள்நாட்டு ஊர்களானாலும், புதுக்கோட்டை மாவட்டத்தில் ரமலான் நோன்பு எந்தப் பருவத்தில் வந்தாலும் 13 மணி நேரத்தைச் சுற்றியே இருக்கும். மிஞ்சிப்போனால் 14. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வாழ்வதன் சலுகை இது. லண்டனில் ஜூன் மாதம் நோன்பு வந்தால் 18 மணி நேரத்தைத் தாண்டும். ஆக, நம் ஊரில் ஆளை வாட்டுவது பட்டினியின் நீளமல்ல, வெயிலும் துண்டு துண்டாகிப்போகும் ராத்தூக்கமும்தான். நோன்பில் ஹார்மோன்கள் மாறுகின்றன என்று சொல்லப்படுவதிலும் இந்தத் தூக்கத்துக்குப் பங்கு உண்டு.

1. பிறை பார்ப்பதற்கு ஒரு வாரம் முன்பே காபி, டீயைக் குறைத்துவிடுங்கள். நாலு டம்ளர் குடிப்பவர் மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கி வரட்டும். திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாள் தலைவலியும் சிடுசிடுப்பும் வரும். பாவம், பழி மட்டும் நோன்பின் மேல் விழும்.

2. முதல் சில நாள் காலை ஒன்பதுக்கும் மதியம் ஒன்றுக்கும் வயிறு கிள்ளும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தைப் பழகி வைத்திருந்து, அந்த நேரம் பார்த்து ஏறும். சாப்பிடாவிட்டாலும் சற்று நேரத்தில் தானே இறங்கிவிடும். அந்த நேரத்தை ஓதுவதிலோ துணி மடிப்பதிலோ கடத்திவிட்டால் போதும். நாள் ஆக ஆகப் புது நேரத்துக்கு உடம்பு பழகிக்கொள்ளும்.

3. இரவு பத்தரைக்கு வீட்டில் விளக்கை அணையுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கார்டிசால் என்ற ஹார்மோன் விடியலில் ஏறி, இரவில் இறங்க வேண்டும். தூக்கத்துக்கு வழிவிடும் மெலடோனின் இருட்டில் ஏற வேண்டும். நோன்பு மாதத்தில் நடந்த சில ஆய்வுகளில் மெலடோனினின் ஏற்றம் குறைந்து, நேரமும் பிந்திப்போயிருந்தது. கார்டிசாலில் காலைக்கும் மாலைக்கும் உள்ள வித்தியாசமும் மங்கியிருந்தது. காரணத்தைத் தேடி ஆய்வகம் போக வேண்டாம், கடைத்தெருவுக்குப் போனால் போதும். தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்து டீக்கடை, அரட்டை, செல்போன் என்று இரவு ஒரு மணியாகிவிடும். நாலு மணிக்குச் சஹர் சாப்பாடு. மூன்று மணி நேரத் தூக்கத்தில் யாருக்குத்தான் மனசு சரியாக இருக்கும்?

பத்தரைக்குப் படுத்தால் ஐந்தரை மணி நேரம் கிடைக்கும். ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம், நண்பகலில் இருபது நிமிடம் கைலூலா என்ற குட்டித் தூக்கம் என்று சேர்த்தால் ஏழை நெருங்கிவிடலாம். பகல் தூக்கம் அரை மணியைத் தாண்டினால் எழும்போது தலை கனக்கும், ராத்திரியும் தூக்கம் வராது. தராவீஹுக்குப் பிந்திய டீயை அடியோடு விட்டுவிடுங்கள். ஐந்து மணி நேரம் கழித்தும் அதிலுள்ள காஃபீனில் பாதி ரத்தத்தில் இருக்கும்.

4. நோன்பு திறக்க பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி. அதற்கு மேல் மக்ரிப் தொழுதுவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, தேங்காய்ப்பால் சேர்ந்த நம் நோன்புக் கஞ்சியில் நீரும் உப்பும் மாவுச்சத்தும் ஒரே கிண்ணத்தில் வந்துவிடுகின்றன. பகல் முழுக்க வறண்ட உடம்புக்கு வேறென்ன வேண்டும்? 2001 முதல் தமிழக அரசு பள்ளிவாசல்களுக்கு இந்தக் கஞ்சிக்காகவே அரிசி கொடுத்து வருகிறது. மாற்று மதத்துக்காரர்களும் அஸர் தொழுகைக்குப் பிறகு பாத்திரத்தோடு வந்து நிற்பதைத் தமிழ்நாட்டில் பல ஊர்களில் பார்க்கலாம். கொதிக்கிற கஞ்சியைப் பிளாஸ்டிக் பையில் வாங்காமல் தூக்குவாளி கொண்டுபோங்கள். வடை, சமோசா, சர்பத்தை எடுத்த எடுப்பில் அள்ளிப் போட்டால் சர்க்கரையும் இன்சுலினும் கிடுகிடுவென ஏறும், தராவீஹில் கண் செருகும்.

5. சஹரில் வெள்ளைச் சோற்றை மட்டும் நம்பாமல் முட்டை, பருப்பு, தயிர் ஏதாவது ஒன்று சேருங்கள். கருவாடும் ஊறுகாயும் அந்த நேரத்தில் வேண்டாம், பகலெல்லாம் தாகம் எடுக்கும். தண்ணீரையும் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு செம்பாகக் கவிழ்க்காமல், மக்ரிப் முதலே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

6. பணம், சொத்துப் பாகம், சம்பந்தம் பற்றிய பேச்சை அஸருக்கும் மக்ரிபுக்கும் நடுவே எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் ரத்தச் சர்க்கரை தாழ்ந்தால், அதைத் தூக்கிவிட உடம்பு அட்ரினலினைச் சுரக்கும். படபடப்பும் கைநடுக்கமும் சுருக்கென்ற கோபமும் அதனுடன் வரும். உடம்பில் நீர் சற்றுக் குறைந்தாலே கவனமும் பொறுமையும் கெடும்.

7. கடலுக்குப் போகிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள், வெயிலில் நிற்கும் வியாபாரிகள்: கடினமான வேலையைக் காலை பத்துக்குள் முடியுங்கள். தலை சுற்றி, பேச்சுக் குழறினால் நோன்பை விட்டுவிட்டு நிழலில் படுத்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். விட்ட நோன்பைப் பிறகு களா செய்துகொள்ளலாம்.

8. மாதவிடாய் நாட்களில் பெண்களுக்கு நோன்பு இல்லை. ஆனாலும் மாமனாரும் கொழுந்தனும் இருக்கும் வீட்டில் வெட்கப்பட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நாளை ஓட்டும் மருமகள்கள் உண்டு. ஹார்மோன்கள் சரிந்து, ரத்தமும் போய், மனசு தொய்ந்திருக்கிற நாள் அது. மாமியார்தான் இதற்கு வழி செய்ய வேண்டும். அடுப்படியில் ஒரு தட்டில் சாப்பாட்டை மூடி வைத்து, "இந்தாம்மா, சாப்பிட்டுக்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

9. சஹருக்கு முதலில் எழுவதும் இரவு கடைசியாகப் படுப்பதும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. ஆண்கள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் வீடுகளில் பிள்ளைகள், மாமியார், சமையல் எல்லாம் ஒருத்தி தலையில்தான் விழுகிறது. சஹர் குழம்பை முன்னிரவிலேயே வைத்துவிடுங்கள். நோன்பு திறக்கும் தின்பண்டத்தை அண்டை வீடுகளோடு முறை வைத்துச் செய்யுங்கள். வெளிநாட்டிலிருந்து கூப்பிடுகிறவர் இரவு பதினொன்றுக்கு வீடியோ காலில் வராமல் இருப்பதும் உதவிதான்.

10. தைராய்டு மாத்திரையை (தைராக்சின்) வெறும் வயிற்றில் போட வேண்டும். சஹர் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னே போடலாம், அல்லது இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். இரும்பு, கால்சியம் மாத்திரைகளை அதோடு சேர்க்காதீர்கள், நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் தாமாக ஒரு வேளையைக்கூட விடக் கூடாது.

11. மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள் நோன்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். நோன்பு மாதத்தில் மனச்சோர்வும் பதற்றமும் சற்றுக் குறைவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. கூடித் தொழுவதும், கூடி உண்பதும், கொடுப்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. தினம் ஒரு வேளை மருந்தைச் சஹருக்கோ நோன்பு திறந்த பிறகோ மாற்றிக் கொடுக்கப் பெரும்பாலும் வழி இருக்கும். லித்தியம் சாப்பிடுகிறவர்கள் கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். உடம்பில் நீர் குறைந்தால் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறி விஷமாகலாம். கைநடுக்கம், வாந்தி, பேதி, தள்ளாட்டம் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பித்து நிலையும் சோர்வுமாக மாறி மாறி வரும் இருதுருவ நோய்க்காரரைத் தூக்கம் கெடுவதே கிளப்பிவிடக்கூடும். கடைசிப் பத்து இரவுகளில் அவரைக் கண்விழிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். நோயாளிக்குச் சலுகை குர்ஆனிலேயே இருக்கிறது (2:185). சர்க்கரை நோய்க்குப் பொருந்துவது மனநோய்க்கும் பொருந்தும் என்பதை ஏனோ நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை.

12. சர்க்கரை உள்ளவர்கள்: அளவு 70-க்குக் கீழே போனாலும் 300-ஐத் தாண்டினாலும் மணி பார்க்காமல் நோன்பை முறித்துவிடுங்கள். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் மாத்திரை கொண்டுவரும்போது நோன்பு வைப்பதைச் சொல்லி, வேளை மாற்றத்துக்கு மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

13. தலை நோன்பு வைக்கும் பிள்ளையை அரை நாளில் தொடங்கிப் பழக்குங்கள். 2025-ல் மார்ச் 2 முதல் நோன்பு, மறுநாளே பிளஸ் டூ தேர்வு. அப்படி அமையும் ஆண்டில் பாடத்தைச் சஹருக்குப் பிந்திய நேரத்துக்கு மாற்றுங்கள். நோன்பு முடிந்தும் சாப்பாட்டைத் தள்ளி வைத்து, கண்ணாடி முன்னாலேயே நிற்கும் பெண் பிள்ளையைப் பக்தி என்று விட்டுவிடாமல் உட்கார்த்திப் பேசுங்கள்.

14. பெருநாள் கழிந்த வாரம் சிலருக்கு வெறிச்சென்று இருக்கும். தூங்கும் நேரத்தை நாளுக்கு அரை மணியாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஷவ்வால் ஆறு நோன்பையும் மாதத்துக்குள் பிரித்து வைக்கலாம். சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ, 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற இந்த இலவசச் சேவை 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.